நானூறு லிட்டர் கடல்

மோட்டார் சத்தம் நின்றதில்தான் விழித்தேன். 2023 டிசம்பர் 4, விடிகாலை. மிக்ஜாம் புயல் கரைக்கு அருகில் வந்து நின்றுகொண்டு சென்னை மேல் மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. வேளச்சேரிப் பக்கம் எங்கள் வீடு, இரண்டாவது மாடி. கீழே தெருவில் இடுப்பளவு தண்ணீர். கூடத்தில் என் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, நான்கு வருடமாக ஒரு நாள்கூட ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது, சலனமில்லாமல் நின்றது.

கடல்தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கரண்ட் போனால் முதலில் வருவது பசி இல்லை, வெப்பம்கூட இல்லை. மூச்சு. தண்ணீரின் மேற்பரப்பு அசைந்தால்தான் காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே போகும். அசைவு நின்றால் உள்ளே இருப்பதுதான் மிச்சம். இருட்டில் பவளமும் பாசியும் ஆக்சிஜனைத் தருவதில்லை, அவையும் மீன்களோடு சேர்ந்து அதையே சுவாசிக்கின்றன. பாறைக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கும் அதுதான் வேண்டும். உப்புநீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று இருந்தது. அன்று இரவே பேட்டரி தீர்ந்துவிட்டது. கடை எதுவும் திறக்கவில்லை, திறந்திருந்தாலும் போக வழியில்லை. அப்புறம் குளியலறை மக்கை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு, தொட்டியிலிருந்து மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து மறுபடி அதிலேயே ஊற்ற ஆரம்பித்தோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இருபது மக். நானும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டோம். “நீ போய் ஒரு மணி நேரம் படுப்பா, நான் பாத்துக்கறேன்” என்று மெழுகுவர்த்தியைத் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்தார். அப்படி மூன்று நாள். எல்லா மீனும் உயிரோடு இருந்தன.

கரண்ட் வந்த பிறகுதான் இழந்தேன்.

டிசம்பர் 7 காலையில் விளக்கு எரிந்ததும், சந்தோஷத்தில் எல்லா ஸ்விட்சையும் ஒன்றாகப் போட்டேன். கேனிஸ்டர் ஃபில்டரும் அதில் ஒன்று. மூடிய டப்பா அது. உள்ளே பஞ்சும் பீங்கான் வளையங்களும் இருக்கும், அவற்றில்தான் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கும். தண்ணீர் ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே இருந்த ஆக்சிஜனை அவை தீர்த்துவிட்டுச் செத்திருக்கின்றன. மூன்று நாள் அந்த டப்பா அழுகியிருக்கிறது. குழாய் வழியே சாம்பல் நிறத்தில் ஒரு புகை மாதிரி தண்ணீர் வந்தது, அழுகிய முட்டை நாற்றம். நான் ஸ்விட்சை அணைப்பதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மதியத்துக்குள் ஃபயர்ஃபிஷ் போனது. மாலையில் கிளீனர் இறால். ஜோடி கிளவுன் மீன்கள் மட்டும் ஒரு மூலையில் வேகமாகச் செவுள் அடித்துக்கொண்டு கிடந்து பிழைத்தன. லெதர் பவளம் விரல்களை இழுத்துக்கொண்டு மூன்று வாரம் திறக்கவில்லை.

இதைப் படிக்கும் யாராவது கேனிஸ்டர் வைத்திருந்தால் தயவுசெய்து இதை மட்டும் நினைவில் வையுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இரண்டு உயிரும் இருந்திருக்கும்.

பெரிய தொட்டிக்கு மாறலாம் என்று முடிவெடுத்தது அந்த வாரம்தான். அழகுக்காக இல்லை. 120 லிட்டரில் எது நடந்தாலும் சீக்கிரம் நடக்கிறது. ஒரு மீன் பாறை இடுக்கில் செத்துக் கிடந்தால் அடுத்த நாளே அம்மோனியா ஏறும். மே மாதம் மதியம் ஏசி நின்றால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் 30 டிகிரி. நானூறு லிட்டரிலும் இதே தவறுகள் நடக்கும், ஆனால் மெதுவாக. நாம் ஆபீஸிலிருந்து வீடு வந்து சேரும் வரை பொறுத்திருக்கும். சின்னத் தொட்டியில் ஆரம்பித்தால் சுலபம் என்று புதிதாக வருபவர்களிடம் பலர் சொல்கிறார்கள், நன்னீருக்கே அது முழு உண்மை இல்லை, கடல்நீருக்குச் சுத்தமாகப் பொருந்தாது.

சென்னையில் மீன்தொட்டி என்றால் கொளத்தூர்தான். ஞாயிற்றுக்கிழமை போனால் தெரு முழுக்கக் கண்ணாடியும் தண்ணீரும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், 12 மில்லிமீட்டர் கண்ணாடி, பின்பக்கம் தண்ணீர் வழிந்து இறங்க ஓவர்ஃப்ளோ பெட்டி என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து எடுக்கப் போனபோது கடைக்கார அண்ணன் சொன்னார்: “ஃபுல்லா தண்ணி ஊத்தி ரெண்டு நாள் இங்கயே விட்டுப் பாத்துட்டோம் தம்பி, ஒரு சொட்டு வராது. உங்க வீட்டுத் தரை மட்டமா இருக்கான்னு நீங்கதான் பாக்கணும். மட்டம் போனா எந்தக் கண்ணாடியும் நிக்காது.”

தரை விஷயத்தை அதற்கு முன்பே கேட்டிருந்தேன். தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். முக்கால் சதுர மீட்டர் இடத்தில் அத்தனையும் உட்காரும். குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். ஒரே இடத்தில் இவ்வளவு எடை என்றால் அது எங்கே உட்காருகிறது என்பதுதான் கேள்வி. கட்டட வேலையில் இருக்கும் என் சித்தப்பா வந்து பார்த்து, கூடத்து நடுவில் நான் ஆசைப்பட்ட இடத்தை ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டு, பீம் போகும் சுவரை ஒட்டி, பீமின் நீளவாக்கில் வைக்கச் சொன்னார். ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது ஒரு முனை 4 மில்லிமீட்டர் இறக்கம். ஸ்டாண்டின் கால் திருகுகளைச் சுற்றிச் சரி செய்து, மேலே பிளைவுட், அதன் மேல் தெர்மாகோல் ஷீட், அதன் மேல் தொட்டி. இந்த வரிசையில் எதையும் விட்டுவிடக் கூடாது.

இந்த முறை கேனிஸ்டர் கிடையாது. தொட்டிக்குக் கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி, சம்ப். மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் விழுந்து, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரைத் தாண்டி, மோட்டார் வழியாக மறுபடி மேலே போகும். எல்லாம் திறந்திருப்பதால் அழுகும் டப்பா என்ற பிரச்சினையே இல்லை. ஆனால் சம்ப்புக்கென்று ஒரு அபாயம் உண்டு. கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும், மேலே இருக்கும் தண்ணீர், அதை ஏற்றிவிடும் ரிட்டர்ன் குழாய் வழியாகவே கீழே உறிஞ்சிக்கொண்டு இறங்கும். என் தொட்டியின் பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 7 லிட்டர். குழாயின் வாய் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 56 லிட்டர் கீழே வரும், குழாய்க்குள் இருப்பது தனி. தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதும் என்பார்கள். அதற்குள் ஒரு நத்தையோ பாசித் துணுக்கோ சிக்கினால் மூடாது.

உப்பு கரைப்பதற்கு முன் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பிச் சோதித்தேன். மோட்டாரை அணைத்துவிட்டு, டார்ச்சோடு சம்ப் முன்னால் தரையில் படுத்துக்கொண்டேன். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன், அதைத் தாண்டியது. விளிம்புக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது நின்றது. மேலே குழாயின் வாய் காற்றை உறிஞ்சும் ‘கொர்ர்ர்’ சத்தம் கேட்டபோதுதான் மூச்சு விட்டேன். குழாய் வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே மட்டும் இருக்கும்படி உயர்த்தி, மட்டத்துக்கு ஒட்டினாற்போல் 5 மில்லிமீட்டர் துளை ஒன்றும் போட்டேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதுமே துளை வழியாகக் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அந்தத் துளையில் உப்பும் பாசியும் அடைக்கும், மாதம் ஒரு முறை குச்சி விட்டுச் சுத்தம் செய்கிறேன்.

“மெரினா இவ்வளவு பக்கத்துல இருக்கு, உப்பை எதுக்குக் காசு கொடுத்து வாங்கறே?” என்று கேட்காத உறவினர் இல்லை. நியாயமான கேள்விதான். கரையோரத் தண்ணீரில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பதெல்லாம் இருக்கிறது, வடகிழக்குப் பருவமழையில் உப்பின் அளவும் இறங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் கடல்நீரைத்தான் எடுக்கின்றன. ஆனால் அவர்களிடம் வடிகட்டிக் கிருமி நீக்கும் ஏற்பாடு முழுமையாக இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டரும் இரண்டு கேனும்.

அதனால் ஆர்ஓ தண்ணீரும் பாக்கெட் உப்பும். குடிக்கும் ஆர்ஓ போதாது. அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குடுவை ஒன்று வைத்து, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். எங்கள் தெருவில் லாரித் தண்ணீரின் டிடிஎஸ் ஒரு நாள் 400, இன்னொரு நாள் 900. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவாக வெளியேறுகிறது. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்காக நின்ற ஊரில் அதைச் சாக்கடையில் விட மனசு வராது. கழிவு நீர் முழுவதும் ஒரு டிரம்மில் சேர்ந்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் போகிறது.

உப்பு கரைப்பதில் ஒரே ஒரு விதி: தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் சுண்ணாம்பு பிரிந்து வெள்ளையாக அடியில் தங்கிவிடும், திரும்பக் கரையாது. 300 லிட்டருக்குப் பதினொன்றரைக் கிலோ. ஒரு நாள் மோட்டார் போட்டுக் கலக்கி, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக.

மாற்றும் நாளுக்கு முன் மூன்று வாரம் செய்த ஒரு காரியம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தின் உயிர். பழைய தொட்டியில் காரத்தன்மை 7.4 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் டிகிரி). புது உப்பில் 10-க்கு மேல். ஒரே நாளில் பவளத்தை 7-லிருந்து 10-க்குத் தூக்கிப் போட்டால் அது தாங்காது. எனவே பழைய தொட்டியில் வாரம் இரு முறை பத்துப் பத்து லிட்டராகப் புதுத் தண்ணீரை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக 9-க்குக் கொண்டுவந்தேன். மாற்றும் நாளில் பழைய தண்ணீரில் 100 லிட்டரும் சேர்ந்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரிதான். எந்த எண் சிறந்தது என்று மணிக்கணக்கில் விவாதிக்கலாம். எட்டோ ஒன்பதோ, பவளம் பழகிக்கொள்ளும். தினம் மாறினால்தான் பழக முடியாது.

பழைய பாறைகளை ஒரு நொடிகூடக் காயவிடாமல் வாளித் தண்ணீரிலேயே மாற்றினேன். பதினான்கு கிலோ பாறை, நான்கு வருடத்து பாக்டீரியா அதில்தான். பழைய மணலைக் கொண்டுபோகவில்லை. அதன் அடியில் கறுத்த அடுக்கு இருந்தது, கிளறினால் அந்த டிசம்பர் நாற்றம்தான் மறுபடி வரும். புது மணல் போட்டேன்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸோவாந்திட் என்ற குட்டைப் பவளங்கள், பூ மாதிரி வண்ண வண்ணமாக இருப்பவை, விலையும் குறைவு என்பதால் எல்லோர் தொட்டியிலும் இருக்கும். அவற்றில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது, இயற்கையில் கிடைப்பவற்றில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. கையில் சின்னக் கீறல் இருந்தாலோ கண்ணில் தெறித்தாலோ ஆஸ்பத்திரிதான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் அந்தப் பாறைகளைத் தொட்டேன். பாறையைச் சுத்தம் செய்வதாக நினைத்துக் கொதிநீரில் போடவே கூடாது, நஞ்சு ஆவியோடு வீடு முழுக்கப் பரவும். வெளிநாடுகளில் குடும்பம் முழுவதும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தெரியாமல் யாரும் வைத்திருக்கக் கூடாது.

அதற்கடுத்த மூன்று மாதம் அசிங்கமான காலம். முதலில் மணல் முழுக்கப் பழுப்புப் படலம், பிறகு தலைமுடி மாதிரி பச்சைப் பாசி. கையால் பிடுங்கினேன், நத்தைகளை விட்டேன், காத்திருந்தேன். மருந்து எதுவும் ஊற்றவில்லை. நான்காவது மாதம் பின்பக்கக் கண்ணாடியில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. சுண்ணப்பாசி. அது வந்தால் தொட்டி நிலைபெற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வெப்பம் சென்னைக்காரர்களின் தனிப் பாடு. தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் ஆவியாகிக் குளிரும் என்பது உலர்ந்த ஊர்களுக்குச் சரி. இங்கே காற்றே நனைந்து கிடக்கிறது, ஒன்றரை டிகிரி இறங்கினால் அதிகம். தண்ணீரைக் குளிர்விக்கும் கால் ஹெச்பி சில்லர் வாங்கினேன், அதன் சூடான காற்று அறைக்குள்ளேயே சுற்றாமல் இருக்க பால்கனியில் வைத்து, குழாயைச் சுவரில் துளையிட்டுக் கொண்டுபோனேன். கோடையில் சில்லர், விளக்கு, மோட்டார் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் என்பதால், அந்த இரண்டு மாதம் வீட்டில் மற்ற எல்லோரும் எனக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள்.

2024 மே மாதம் சில்லர் 26 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் லட்சத்தீவில் பவளங்கள் பெருமளவு வெளுத்துவிட்டதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொன்ன செய்தியைப் படித்தேன். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன, வெளிச்சத்தில் அவை சமைப்பதைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. தண்ணீர் வாரக்கணக்கில் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடினாலே பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவிலும் 2010-லும் 2016-லும் இது நடந்தது. என் ஒரு கூடத்துக்கு சில்லர் வைத்துவிட்டேன். அன்று இரவு தொட்டி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அப்பாவின் ஊர் தூத்துக்குடி. கடலடிப் பாறைத் திட்டை அங்கே மீனவர்கள் ‘பார்’ என்பார்கள், முத்துப்பார் என்பதும் அந்தப் பார்தான். அங்கே பல வருடம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள், வான் தீவு கரைந்து சிறுத்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1986-லேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாகிவிட்டன, 2001-ல் கல்பவளங்கள் எல்லாவற்றையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். என் தொட்டியில் கல்பவளம் ஒன்றுகூட இல்லை. லெதர், மஷ்ரூம், ஸோவாந்திட் என்று மென்பவளங்கள் மட்டும், அவையும் மற்றவர்கள் தொட்டியில் வளர்ந்து வெட்டிக் கொடுத்தவை. என் கிளவுன் ஜோடியும் தொட்டியில் பிறந்ததுதான். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் கிளவுன் குஞ்சு பொரிக்கும் முறை வந்து வருடங்கள் ஆகின்றன, இன்னும் கடலிலிருந்து பிடித்ததை வாங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

மென்பவளங்கள் மட்டும் என்பதால் கால்சியம், காரத்தன்மைக்கு மருந்து ஊற்றும் வேலையும் கிடையாது. ஞாயிறு காலை 40 லிட்டர் தண்ணீர் மாற்றினால் செலவான அளவு திரும்ப வந்துவிடும். சனி இரவே டிரம்மில் உப்பைப் போட்டுக் கலக்க விட்டுவிடுவேன். ஸ்கிம்மர் கோப்பையில் தேநீர் டிகாஷன் நிறத்தில் சேர்ந்திருப்பதைக் கொட்டிக் கழுவ வாரம் இரண்டு முறை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மோட்டார்களைக் கழற்றி வினிகரில் ஊறவைப்பேன். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் வெறும் ஆர்ஓ தண்ணீர் தானாக ஏறும், உப்பு ஆவியாகாது என்பதால் அதில் உப்பு கூடாது. அலைமோட்டார் ஒன்று இன்வெர்ட்டரை நம்பாமல் தனி பேட்டரியில் நேரடியாக இணைத்திருக்கிறது. 15 வாட்தான் இழுக்கும். மூன்று நாள் ஓடும் என்று கணக்குப் போட்டுத்தான் பேட்டரி வாங்கினேன். மாதம் ஒரு நாள் மெயினை அணைத்துவிட்டுச் சோதிக்கிறேன். அந்த டிசம்பர் மக் இன்னும் ஸ்டாண்டுக்குள்தான் இருக்கிறது.

போன மாதம் லெதர் பவளம் மறுபடி ஒரு வாரம் மூடிக்கொண்டது. இப்போது பயப்படுவதில்லை. மேலே மெழுகு தடவியது மாதிரி ஒரு பளபளப்பு வரும், பிறகு அந்தத் தோல் கிழிந்து நீரோட்டத்தில் போகும், அடியில் புதிதாக விரல்கள் நீளும். இந்த முறை தோல் உரிந்து முடிந்ததும் பார்த்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு வந்துவிட்டது, பக்கத்துப் பாறைக்கு நிழல் விழுகிறது.

தாம்பரத்தில் ஒரு நண்பர், நான் இழந்த அதே மழையில் அவர் தொட்டியே காலியானது. ஒன்றரை வருடம் கழித்து இப்போதுதான் மறுபடி பாறை அடுக்கி, சைக்கிள் (அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரும் காலம்) முடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். புது பிளேடை எடுத்து, லெதரின் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினேன். வெண்ணெய்யைவிடக் கொஞ்சம் கெட்டி, ரப்பர் மாதிரி வழுக்கும், ஒரு காரமான வாடை வரும். கைப்பிடிக் கல் ஒன்றில் வைத்து ரப்பர் பேண்டைத் தளர்வாகச் சுற்றினேன். இறுக்கினால் அறுத்துவிடும், விட்டால் அலையில் போய்விடும். இரண்டு வாரத்தில் கல்லைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் என் தொட்டித் தண்ணீரோடு கட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

மாலையில் போன் செய்தார். “அண்ணா, உங்க தண்ணி 35, என்னுது 34. அப்படியே விட்டுடலாமா?”

“வேணாம்ப்பா. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டா விடு.”

சரி என்று வைத்தார். ஏழு மணிக்கு ஒரு படம் வந்தது. வாளிக்குள் பை, அதில் ஒரு மெல்லிய டியூப், அதன் நுனியில் ஒரு துளி.